ராணி கேட்ட தவளைச் சத்தம்

முன்னொரு காலத்தில், கல்லும் கள்ளியுமாகக் கிடந்த பாறைநாட்டைச் சேந்தமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம்.

அவன் ராணி குவளைமாலை ஏரிநாட்டுப் பெண். கல்யாணமாகி வந்தவள் பிறந்த வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அவளைப் பிரிய மனமில்லாத ராஜா அனுப்பவே இல்லை. ஒரு சாயங்காலம், மழை விட்ட நேரத்தில், சன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு என்ன குறை?” என்றான் ராஜா.

“குறையில்லை. எங்கள் ஊரில் மழை விட்டதும் தவளைகள் கத்தும். இங்கே மழை விட்டால் ஒரு சத்தமும் இல்லை.”

அவ்வளவுதான்! மறுநாளே அரண்மனைக் கொல்லையில் குளம் வெட்ட உத்தரவு பறந்தது. தளபதி உலகுடையார் முந்திக்கொண்டு பொறுப்பேற்றார். மந்திரி காரியிடம் ராஜா வைத்திருந்த பிரியத்தைப் பார்த்து வயிறெரிகிறவர் அவர். கரையைச் செங்குத்தாக எழுப்பிப் பளிங்கு பதித்தார். எடுப்பாக இருக்கட்டுமென்று முழங்கை நீள விரால் மீன்களை விட்டார். கூடை கூடையாகத் தவளைகளைக் கொண்டுவந்து கொட்டினார். சில நாளில் ஒரு தவளையும் இல்லை. மறுபடி கொட்டினார், அவையும் இல்லை.

“காரிதான் ஆள்வைத்து அள்ளுகிறார், மகாராஜா!” என்று சபையில் கூசாமல் சொன்னார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “காரி! அடுத்த மழைக்கு என் குளத்தில் தவளை கத்த வேண்டும். இல்லையென்றால் கரையில் உட்கார்ந்து நீர் கத்த வேண்டும்!”

சபை சிரித்தது. காரியும் சிரித்தார். “கத்துகிறேன், அரசே. அதற்குமுன் தளபதியாருக்கு ஒரு விருந்து வைக்கிறேன்.”

யானை பிடிக்கத் தோண்டிய பெரிய பள்ளம் ஒன்றில் விருந்து. பட்டு மெத்தை, பாயசம், பன்னீர். ராஜா மேலே நின்று பார்க்க, தளபதி ஏணியில் இறங்கி ஜம்மென்று அமர்ந்தார். ஏணி மேலே போயிற்று. மூலையில் போர்த்தியிருந்த துணியை விலக்கினார்கள். கூண்டுக்குள் வேட்டைச் சிறுத்தை! கூண்டுக் கதவின் கயிறு மேலே காரி கையில்.

“ஏணி! ஏணி!”

“ஏன் தளபதியாரே, மெத்தை உறுத்துகிறதா?”

“ஏறி ஓட வழியில்லை, ஒளிய ஒரு புதரில்லை, பக்கத்தில் சிறுத்தை! இங்கே எவனய்யா இருப்பான்?”

“விரால் வாய்க்கு நடுவே விழுந்த தவளைகளும் இதைத்தான் சொல்லியிருக்கும். நம் காதில்தான் விழவில்லை.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பழிசொன்ன குற்றத்துக்குத் தளபதியே முழங்கால் சேற்றில் நின்று பளிங்கைப் பெயர்த்தார், கரையைச் சரித்தார், பாசியும் அல்லியும் நட்டார். விரால்கள் ஆற்றுக்குப் போயின; பொடி அயிரைகள் வந்தன. “தவளை கொண்டுவர வேண்டாம். இடம் பிடித்தால் தானே வரும்” என்றார் காரி.

வந்தன. அடுத்த மழை விட்டதும் கொல்லையெல்லாம் ஒரே சத்தம். ராஜா ஆசையாக ராணியைப் பார்த்தான். அவள் முன்னைவிட அதிகமாக அழுதுகொண்டிருந்தாள்.

ஒன்றும் புரியாமல் சபைக்கு வந்து, “காரி, என்ன பரிசு வேண்டும்?” என்றான்.

“ராணியம்மாவை இந்த மழைக்காலத்துக்குத் தாய்வீடு அனுப்புங்கள், அரசே.”

ராஜா அரியணையை விட்டு எழுந்துவிட்டான். “திரும்பி வராவிட்டால்?”

“கரையைச் சரித்தால் போகவும் வழி, வரவும் வழி. உயரக் கட்டினால் உள்ளே இருப்பவர் இருந்தும் இல்லாதவர்தான்.”

ராஜா பல்லக்குக்குச் சொல்லியனுப்பினான்.

ராணி போனாள். மழை பெய்தது, விட்டது, தவளைகள் கத்தின. ராஜா தனியாகக் குளக்கரையில் உட்கார்ந்து கேட்டான். சோறு இறங்கவில்லை; சபைக்கு வந்தால் கேட்டதையே திரும்பக் கேட்டான். இத்தனை வருஷம் சன்னலோரம் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

குடையில்லை, படையில்லை; குதிரையேறிக் கிளம்பிவிட்டான். ஏரிநாட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த ராணி, நனைந்துபோய் வந்தவனைப் பார்த்துத் திகைத்தாள்.

“யார் அழைத்தார்கள் உங்களை?”

“யாரும் அழைக்கவில்லை. இருக்க முடியவில்லை” என்றான் ராஜா.

அவள் சிரித்தாள். பாறைநாட்டுக்கு அவள் வந்ததிலிருந்து அவன் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு, அவனும் தண்ணீரில் இறங்கினான்.