தோடா அட்ஜஸ்ட் கரோ

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று மட்டும் என்னைக் குடையாதீர்கள், ஒரு ராஜா மாறுவேடத்தில் படகு ஏறினார். படகில் எள் போட இடமில்லை. அப்போது பெரிய மூட்டையோடு வந்த வடநாட்டுச் சால்வை வியாபாரி, "தோடா அட்ஜஸ்ட் கரோ" என்றான். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். அவனுக்கும் இடம் வந்தது, மூட்டைக்கும் வந்தது. ராஜா வாயைப் பிளந்துவிட்டார்.

மறுநாள் சபையில் அதற்குப் பொருள் கேட்டார். 'தோடா' என்றால் கொஞ்சம், 'கரோ' என்றால் செய், நடுவிலிருப்பது இங்கிலீஷிலிருந்து ஹிந்திக்குக் குடிபோன சொல், சரிப்படுத்துதல் என்று பொருள் என்றார் ஆஸ்தான பண்டிதர் வித்யாபூஷணர். படகில் யாரும் எதையும் சரிப்படுத்தவில்லையே, பிறகு ஏன் நகர்ந்தார்கள் என்று ராஜா மடக்கினார். பண்டிதர் திருதிருவென்று விழித்தார்.

விழித்தவர் கண்ணில் விகடகவி பூவராகன் பட்டான். ராஜாவுக்குப் பக்கத்தில் அவன் உட்காருவதே பண்டிதருக்கு வயிற்றெரிச்சல். நாளைக்குள் அவன் அதன் பொருளைச் சபையிலேயே செய்து காட்டட்டும், முடியாவிட்டால் அந்த ஆசனம் தன் மைத்துனனுக்கு என்று கொளுத்திப் போட்டார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

பூவராகனுக்கு இரவுச் சோறு இறங்கவில்லை. ஆசனம் போனால் சபையும் போச்சு, அடுப்பும் அணைந்தது. காலையில் சபைக்கு வந்தால் பொழுது விடிவதற்குள்ளேயே வந்து பண்டிதரின் மைத்துனன் பூவராகன் ஆசனத்தில் தொந்தியைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறான். சபையில் வேறு இடமே இல்லை. பூவராகனுக்குப் பகீரென்றது. அடுத்த கணமே சிரிப்பும் வந்தது.

ராஜா ஒரு வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். பூவராகன் விறுவிறுவென்று சிம்மாசனப் படியேறி அவர் இடுப்புப் பக்கமாய் நின்று, "மகாராஜா, தோடா அட்ஜஸ்ட் கரோ" என்றான். வழக்கில் மூழ்கியிருந்த ராஜா சட்டென்று நகர்ந்தார். பூவராகன் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டான்.

காவலர்கள் வாளை உருவினார்கள். பூவராகன் எழுந்திருக்கவில்லை.

"மகாராஜா, தாங்கள் ஏன் நகர்ந்தீர்கள்?" என்று பணிவாகக் கேட்டான்.

ராஜா தன்னையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "தெரியவில்லையே. நீ கேட்டாய், நகர்ந்துவிட்டேன்."

"படகில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் மகாராஜா. அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கியது. தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். அவன் ஆசனம் அவனுக்கே என்றார். அப்படியானால் என் மைத்துனன் எங்கே உட்காருவான் என்று பண்டிதர் பரிதாபமாகக் கேட்டார்.

ராஜா பண்டிதரின் ஆசனத்தைக் காட்டி, "பண்டிதரே, தோடா அட்ஜஸ்ட் கரோ" என்றார்.

பண்டிதர் நகர்ந்தார். மைத்துனன் உட்கார்ந்தான். பண்டிதர் அந்தப் பக்கமாகத் தொப்பென்று விழுந்தார்.