பாலர் வகுப்பில் மூன்று ஞாயிறு

கிருபாபுரத்தில் பியூலா டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு எடுக்கிறார். ஜெபம் பண்ணாமல் சாக்பீஸைத் தொட்டதில்லை. அவரிடம் படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஊருக்கு வந்தால், கோயிலுக்குப் போய்விட்டு அடுத்ததாக அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அவருக்கு ஒரே மகள், எப்சிபா. அம்மாவிடமே பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, இட்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"பரீட்சை முடிஞ்சதும் சென்னைல காலேஜ் சேர்ந்துக்கறேன். ஹாஸ்டல்ல."

"பாளையங்கோட்டைல இல்லாத காலேஜா? தினம் வீட்டுக்கு வந்துரலாமே."

"அதான் வேண்டாங்கேன்."

"இங்க உனக்கு என்ன குறை வச்சேன்?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. காலையில பள்ளிக்கூடத்துக்குப் போறேன். சாயங்காலம் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குத்தான் வர்றேன்."

சொன்னதில் கோபம் இல்லை. வெயில் அடிக்கிறது என்பது மாதிரி சொன்னாள். அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

ஒரு வாரம் தூக்கம் வராமல் கிடந்துவிட்டு, டீச்சர் போதகர் குடியிருக்கும் குருமனைக்குப் போனார். சபையின் போதகர் ஞானதுரைக்கு வயது முப்பதுதான். அவரும் ஒரு காலத்தில் டீச்சரிடம் கணக்குப் படித்தவர்தான். ஆனாலும் மனசுக்கு அமைதி வேண்டுமென்றால் ஊரில் எல்லாரும் அவரிடம்தான் போனார்கள். வராந்தாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"உட்காருங்க ஐயா," என்றார் டீச்சர். "நான் கேட்க வந்திருக்கேன்."

"கேளுங்க டீச்சர்."

"ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரையும் கரையேத்தினேன். என் பிள்ளை என் கைய விட்டுப் போறா. ஆண்டவர் என்னை எதுக்கு வச்சிருக்கார்? டீச்சராவா, அம்மாவாவா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. மத்ததை விட்டுட்டாவது நிம்மதியா இருக்கேன்."

போதகர் கையிலிருந்த கொத்துக் கீரையை உருவி முடித்தார்.

"நாளையில இருந்து மூணு ஞாயிறு, கோயில்ல சின்னப் பிள்ளைங்களுக்கு நடக்கிற பாலர் வகுப்புல வந்து உட்காருங்க."

"பாடம் எடுக்கணுமா?"

"இல்ல. படிக்கணும்."

"யார் எடுக்கிறது?"

"எப்சிபா. ஆறு மாசமா அவதான் எடுக்கா."

மகள் அங்கே வகுப்பு எடுப்பது டீச்சருக்குத் தெரியும். எப்படி எடுக்கிறாள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு நிபந்தனை, டீச்சர். தப்பைத் திருத்தக் கூடாது."

முதல் ஞாயிறு, பாயில் பன்னிரண்டு குழந்தைகளுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எப்சிபாவின் முகம் வெளுத்தது.

"ஆய்வுக்கு வந்திருக்கீங்களா?"

"படிக்க. ஐயா அனுப்பினாரு."

அவள் நம்பவில்லை. அம்மா பக்கம் பார்க்காமலே அப்பமும் மீனும் பகிர்ந்த கதையைத் தொடங்கினாள்.

"இயேசு சாமி ரெண்டு அப்பத்தையும் அஞ்சு மீனையும் கையில எடுத்தாரு."

டீச்சரின் நாக்கு பல் வரைக்கும் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அக்கா, அஞ்சு அப்பம், ரெண்டு மீன்," என்றது முன்னால் இருந்த ஒரு வாண்டு.

"ஆமாடி. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

குழந்தைகள் சிரித்தன. அவளும் சிரித்தாள். கதை மேலே போயிற்று. தப்பை ஒத்துக்கொள்ளும் அந்த மாதிரி ஒரு வார்த்தையை வீட்டில் தான் எப்போதாவது சொன்னதுண்டா என்று டீச்சர் யோசித்துப் பார்த்தார். ஞாபகத்துக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது ஞாயிறு படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள். எப்சிபா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து அம்மாவின் தாள் அருகே நின்றாள்.

"பச்சை மீனா?"

"நீலத்தை இந்தப் பொண்ணு தரமாட்டேங்கா."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்து அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

மூன்றாவது ஞாயிறு புதிதாக ஒரு குழந்தை வந்தது. தாய் கையை விட்டதும் வீறிட்டு அழுதது. எப்சிபா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சமாதானம் சொல்லவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே மற்றவர்களைப் பாட விட்டாள். அது மார்பில் சாய்ந்து தூங்கிய பிறகும் இறக்கி விடவில்லை. அன்று பாடம் ஒரு வரிகூட நடக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது டீச்சர் கேட்டார்.

"இப்படி வச்சிக்கிறதுக்கு எங்க படிச்ச?"

"தெரியலம்மா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள், "யு.கே.ஜி. படிக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்ததுல்லா? வீட்ல ஆள் இல்லைன்னு உங்க கிளாஸுக்குத் தூக்கிட்டுப் போனீங்க. நாள் முழுக்க என்னை இறக்கியே விடல. உங்க சேலையில சாக்பீஸ் வாசம் அடிச்சது."

டீச்சருக்கு அந்த நாள் நினைவிருந்தது. வகுப்புக்குக் குழந்தையைக் கொண்டுவந்ததற்காகத் தலைமை ஆசிரியர் விளக்கம் கேட்டு எழுதிக் கொடுத்த நாள். அப்படி மட்டும்தான் நினைவிருந்தது. அதற்குப் பிறகு எப்சிபாவை வகுப்புப் பக்கம் அவர் தூக்கிப் போனதில்லை.

மறுநாள் சாயங்காலம் குருமனைக்குப் போய் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"இப்ப எப்சிபா என்ன சொல்றா?" என்று கேட்டார் போதகர்.

"சென்னைக்குப் போறேன்னுதான் சொல்றா. பெட்டி வாங்க எப்ப போகலாம்னு கேட்டேன். பக்கத்துல வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினா. பெட்டியைத் தவிர மத்த எல்லாத்தையும் பேசினா."

போதகர் சிரித்தார்.

"சரி ஐயா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. டீச்சராவா, அம்மாவாவா?"

"அந்தக் காய்ச்சல் அன்னிக்கு நானும் அந்தக் கிளாஸ்லதான் இருந்தேன், டீச்சர். மூணாவது பெஞ்சு. இடது தோள்ல பிள்ளை தூங்குது. வலது கையால போர்டுல எழுதிட்டே இருந்தீங்க."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு என்ன கணக்கு நடத்தினேன்?"

"அது மறந்து போச்சு, டீச்சர்."