ராசாத்தி போகாத பெட்டி

செவக்காட்டூர் தவசிக்கனிக்கு நாற்பத்தொரு வயது. ஏழு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. ஏழு இடத்திலும் "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். அந்த ஏழு குடும்பமும் இன்னும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பதாகவே தவசிக்கனி நம்பிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இரண்டு தம்பிகள்: ஜெயமணி, வேல்ச்சாமி. இவர்களுடைய அப்பா டாக்டர் பேச்சைக் கேட்காமலே செத்துப்போனவர். சாகும்போது மூவரையும் கூப்பிட்டு, "நீங்களாவது டாக்டர் சொன்னா ஒரு எழுத்து மாறாமக் கேளுங்கடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அப்பாவின் வத்தல் மண்டியை மூன்று பங்காகப் பிரித்துக்கொண்ட பிள்ளைகள், இந்தச் சொல்லை மட்டும் பிரிக்காமல் பொதுவில் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டோடு சேர்ந்திருந்த மண்டியில் எலித் தொல்லை என்று ஒரு பூனை வாங்கினார்கள். பெயர் ராசாத்தி. எலி பிடிப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்றுக்குப் போவதில்தான் வில்லங்கம். மணல் சட்டியைத் தவிர மற்ற எல்லா இடமும் அவளுக்குச் சம்மதம். மூட்டை மேல் போனாள், தலையணை மேல் போனாள், தவசிக்கனி பெண் பார்க்கப் போவதற்கென்று மடித்து வைத்திருந்த பட்டு வேட்டி மேலும் போனாள். ஏழாவது வீட்டுக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்ததே அந்த வேட்டியின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான்.

இந்த நிலையில் எட்டாவது இடம் ஒன்று கூடிவந்தது. பெண் பெயர் தமயந்தி, தையல் கடை வைத்திருந்தாள். அவளுடைய அப்பா அருஞ்சுனை, வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். தவசிக்கனி மூச்சை இழுத்துப் பார்த்தான். வத்தல் நெடியையே அமுக்கிக்கொண்டு பூனை நெடி எழுந்தது. இதுவும் தட்டிப்போனால் இந்த ஜென்மத்தில் தனக்குக் கல்யாணம் இல்லை என்று வாய்விட்டே அழுதான்.

மூவரும் ராசாத்தியைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"சட்டி பத்தாது. பெருசா ஒரு பெட்டி வைங்க, உள்ள படுத்துப் புரளணும். எப்பவும் அது சுத்தமா இருக்கணும். பூனைக்குக் கூச்சம் அதிகம், அது போறப்போ யாரும் பார்க்காதீங்க. பெட்டிக்குள்ள போக ஆரம்பிச்சிட்டா அதுக்கப்புறம் எதையும் மாத்தாதீங்க. அப்படியே விட்டுடணும்."

மூவரும் அதை மூன்று முறை ஒப்பித்துக்காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.

ஆசாரி அளவு கேட்டார். "படுத்துப் புரளுற அளவு" என்றான் தவசிக்கனி. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று தானே தரையில் படுத்து இரண்டு தடவை புரண்டும் காட்டினான். ஆறடி நீளம், ஐந்தடி அகலத்தில் பெட்டி வந்து நடு வீட்டில் உட்கார்ந்தது. ஒரு வண்டி ஆற்று மணல் கொட்டினார்கள்.

ராசாத்திக்கும் பெட்டி பிடித்துப்போனது. அன்று சாயங்காலமே முன்னங்காலை உள்ளே வைத்தாள். காவலுக்கு நின்ற வேல்ச்சாமி துடைப்பத்தை ஓங்கிவிட்டான்.

"ஏண்டா விரட்டுற?" என்றான் தவசிக்கனி.

"உள்ள போனா பெட்டி அழுக்காயிரும்லா அண்ணே? எப்பவும் சுத்தமா இருக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

தவசிக்கனி தம்பியைக் கட்டிக்கொண்டான். இவ்வளவு விவரமான பிள்ளையைப் பெற்றுவிட்டு அப்பா அவசரப்பட்டுப் போய்விட்டாரே என்று வருத்தப்பட்டான்.

அன்றிலிருந்து பெட்டிக்கு முறை வைத்துக் காவல். ராசாத்தி பக்கத்தில் வந்தாலே துடைப்பம் எழும்பும். பாவம், அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் போனாள், காலண்டருக்குக் கீழே போனாள், ஜெயமணியின் சட்டைப் பைக்குள்ளும் போனாள். அவள் போகும்போதெல்லாம் மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"முடிச்சிட்டாளா?"

"தெரியலையே. பார்த்தாத்தான தெரியும்?"

"பார்க்கக் கூடாதே."

"அப்ப அவளே சொல்லட்டும்."

ஒரு தடவை அவள் சொல்லாமல் போய்விட்டதால், மூவரும் சுவரைப் பார்த்தபடியே மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அருஞ்சுனை செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்தார். அவரை எங்கே உட்கார வைப்பது? நாற்காலியில் ராசாத்தி போயிருந்தாள். பாயிலும் போயிருந்தாள். தவசிக்கனிக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"மாமா, இந்த வீட்ல பூனை போகாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். வாங்க, பெட்டிக்குள்ள உக்காருங்க."

அருஞ்சுனை மணலைப் பார்த்தார். "சுத்தமா வச்சிருக்கீங்க மாப்ளே" என்று பாராட்டிவிட்டு, உள்ளே இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் தம்பி மூவரும் காப்பி, கேசரி என்று அடுப்படிக்கு ஓடினார்கள். காவலுக்கு ஆள் இல்லை. நான்கு நாளாக ஏங்கிப்போயிருந்த ராசாத்தி ஒரே தாவலாகப் பெட்டிக்குள் குதித்து, அருஞ்சுனை மடியோரம் மணலைப் பறித்து, நிம்மதியாக ஒன்றுக்குப் போனாள். பாதி மணலுக்கும் பாதி அவர் வேட்டிக்கும் போய்ச் சேர்ந்தது.

கேசரியோடு வந்த தவசிக்கனி அதைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டான். "போயிட்டா! பெட்டிக்குள்ள போயிட்டா!"

அருஞ்சுனை பதறி எழுந்தார். மூவரும் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார்கள்.

"அசையாதீங்க மாமா! போக ஆரம்பிச்சிட்டா எதையும் மாத்தக் கூடாது. நீங்க இருந்ததாலதான் போயிருக்கா."

"யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னாரு."

அருஞ்சுனையின் முகம் மாறியது. "டாக்டரே சொன்னாரா?" என்று கேட்டு மறுபடியும் சம்மணம் போட்டார். "வெறுங்காலோட நடக்காதீங்கன்னு எனக்கு ஒரு டாக்டர் சொன்னாரு. பதினோரு வருசமா செருப்போடதான் தூங்குறேன். இந்தக் காலத்துல எவன் டாக்டர் பேச்சைக் கேக்குறான்? மாப்ளே, பொண்ணு உங்களுக்குத்தான்!"

தவசிக்கனி மணலிலேயே விழுந்து அவரைக் கும்பிட்டான்.

பெட்டியிலேயே தங்கிவிட்ட அருஞ்சுனைக்குப் பெண் வீட்டிலிருந்து தலையணையும் மாற்று வேட்டியும் வந்தன. அவர் வெளிக்குப் போக வேண்டியிருந்தால், பெட்டி காலியாகாமல் வேல்ச்சாமி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான். ராசாத்தியும் தவறாமல் பெட்டிக்குள்ளேயே போய்வந்தாள். அருஞ்சுனையை மண்டபத்துக்குக் கொண்டுபோக வழியில்லாததால், அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை வீட்டில், பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

தமயந்தி அன்றுதான் அந்த வீட்டுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தாள். மணலில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சுவரெல்லாம் கறையைப் பார்த்தாள். பட்டு வேட்டியோடு பல்லைக் காட்டிய மாப்பிள்ளையைப் பார்த்தாள். நேராகப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது. தவசிக்கனி தாலியைக் கையில் எடுத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து ராசாத்தி பெட்டிக்குள் ஏறி மணலைப் பறிக்க ஆரம்பித்தாள்.

"யாரும் பார்க்காதீங்க!" என்று அலறினான் ஜெயமணி. "டாக்டர் உத்தரவு!"

அருஞ்சுனை கண்ணை மூடினார். விருந்தாளிகள் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். ஐயரும் நாதஸ்வரக்காரரும்கூடத் திரும்பிக்கொண்டார்கள். தவசிக்கனிக்குத்தான் தர்மசங்கடம். நல்ல நேரம் முடியப்போகிறது, பூனையைப் பார்க்கவும் கூடாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவிப் பார்த்து மூன்று முடிச்சுப் போட்டான். கழுத்து பஞ்சுபோல மெத்தென்றிருந்தது. எவ்வளவு கொடுத்துவைத்தவன் நான் என்று மனசுக்குள் பூரித்துப்போனான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது தாலி ராசாத்தியின் கழுத்தில் இருந்தது. அவ்வளவு கூட்டத்தில் கண்ணை மூடாமல், சுவர்ப் பக்கமும் திரும்பாமல் இருந்த ஒரே ஆள் தமயந்தி. வேலையை முடித்த பூனையை இரண்டு கையாலும் தூக்கி மாப்பிள்ளைக்கு நேராக நீட்டியவளும் அவள்தான். வாசலிலிருந்து, "அப்பா, நீங்க மெதுவா வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

எல்லோரும் அருஞ்சுனையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கட்டினது கட்டினதுதான்" என்றார் அருஞ்சுனை.

மறுநாள் ராசாத்தி பெட்டியை விட்டுவிட்டு வத்தல் மூட்டை மேல் ஏறிக் குந்தினாள். வேல்ச்சாமி துடைப்பத்தை ஓங்கினான். ஜெயமணி பாய்ந்து கையைப் பிடித்தான்.

"டேய்! அண்ணிடா!"

வேல்ச்சாமி வெலவெலத்துப்போய்த் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "மன்னிச்சுக்கோங்க அண்ணி. அண்ணே, இனிமே என்ன செய்ய?"

தவசிக்கனி புது மாப்பிள்ளை மிடுக்கோடு யோசித்தான். "வீட்டுக்கு மூத்த மருமக. இங்க போ, அங்க போன்னு அவளுக்குச் சொல்ல நாம யாரு? அவ இஷ்டப்பட்ட இடத்துல போகட்டும்."

"அப்ப இவ்வளவு பெரிய பெட்டி?"

"மாமாவுக்கு இருக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து மூவரும் மறுபடியும் டாக்டர் முன்னால் போய் நின்றார்கள். தவசிக்கனியின் முகம் வாடியிருந்தது.

"என்னப்பா, இன்னுமா பெட்டிக்கு வெளிய போகுது?"

"ஆமா டாக்டர். எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டோம். நாங்க சுவரைப் பார்த்துத் திரும்பிக்கூட நிக்கிறோம். பெட்டிக்குள்ள போகவே மாட்டேங்கிறாரு."

"மாட்டேங்கிறாரா? பூனைக்கு இவ்வளவு மரியாதையா?"

"பூனை இல்ல டாக்டர்" என்றான் தவசிக்கனி. "மாமா."