மேகத்தில் துண்டைப் பிழிந்த குத்தாலிங்கம் அண்ணாச்சி

தென்காசி இசக்கி சலூனில் முகம் முழுக்க நுரையோடு நான் சாய்ந்து கிடந்தபோதுதான் குத்தாலிங்கம் அண்ணாச்சி உள்ளே வந்தார். பம்புசெட் ரிப்பேர் கடைக்காரர். மகளும் மருமகனும் வேலை பார்க்கிற மொரீஷியஸ் தீவுக்குப் பொண்டாட்டியோடும் சிநேகிதர் செய்யதுவோடும் போய்விட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தார். அவர் கதையை ஆரம்பிப்பதற்குள் எழுந்து ஓடலாமென்றால் இசக்கியின் கத்தி என் தொண்டையில் இருந்தது.

“விமானத்துல இருந்து குதிச்சேன்வே,” என்றார், பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் ஆவுடையப்பன் தலையைத் தூக்கவில்லை. “நின்ன விமானமா, பறந்த விமானமா?”

“பத்தாயிரம் அடி உசரத்துல பறந்த விமானம்! ஸ்கை டைவிங்னு பேரு. நம்ம முதுகோட ஒரு பயிற்சிக்காரனைச் சேத்து வார் போட்டு இறுக்கிருவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பாராசூட். எனக்கு வாச்சவன் பாஸ்கல்னு ஆறரை அடி தடியன். கதவைத் தொறந்தான். கீழ பாத்தா, தோசைக்கல்லுல ஊத்துன ஊத்தப்பம் மாதிரி கிடக்கு தீவு. ‘பயமா இருக்கா?’ன்னு கேட்டான். நான் மீசையைத் தடவுனேன். அதைப் பாத்து அவனுக்குப் பயம் வந்துட்டு.”

“உமக்குத்தான் மீசையே இல்லையே!” என்றார் ஆவுடையப்பன்.

“காத்துல போயிட்டுவே! அதைத்தான சொல்ல வாரேன். குதிச்ச உடனே மொதல்ல பிச்சுக்கிட்டுப் போனது மீசை. அடுத்தது சத்தம். ‘முருகா’ன்னு கத்துதேன், எனக்கே கேக்கல. என் சத்தத்தை நானே முந்திட்டேன். தரையில எறங்கி உக்காந்து இளநி குடிச்சுக்கிட்டு இருக்கையிலதான், மேல இருந்து ‘முருகா’ன்னு வந்து விழுது. செய்யது பயந்து போயிட்டாரு.”

இசக்கி கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினான். “செய்யது பாயும் குதிச்சாரா அண்ணாச்சி?”

“அவருக்கு ரத்தக்கொதிப்பு. கீழ நின்னு போன்ல வீடியோ எடுத்தாரு.”

“எங்க, காட்டுங்க பாப்போம்.”

“நான் வந்த வேகத்துக்கு வெறும் வானந்தான் விழுந்திருக்குடே.” சொல்லிவிட்டு அண்ணாச்சி பெஞ்சை விட்டு எழுந்து ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பாதி வழியில ஒரு மேகம். பஞ்சுன்னு நெனைக்காதீரு, ஈரத் தலகாணி! இடிச்ச இடியில பாஸ்கல் மயங்கிட்டான். என் தோள்ல துண்டு கிடந்துச்சா, அதை மேகத்துல முக்கி அவன் மொகத்தைத் தொடச்சேன். அதோட விட்டிருக்கலாம். பழக்க தோசத்துல துண்டைப் பிழிஞ்சுட்டேன். கீழ மூணு ஊர்ல வெள்ளம்! மருமகன் மாடியில காயப்போட்ட சட்டையெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிட்டு. இன்னைக்கு வரைக்கும் அவன் எனக்கு மொகம் குடுத்துப் பேசமாட்டேங்கான்.”

ஆவுடையப்பன் இப்போது பேப்பரை மடித்து வைத்தார். “சரிவே. மயங்கிக் கிடக்கவன் பாராசூட்டை எப்படித் தொறந்தான்?”

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். நுரைக்குள்ளேயே நான் சிரித்துவிட்டேன்.

“தொறக்கலையே,” என்றார் அண்ணாச்சி மெதுவாக. “வேட்டியை அவுத்தேன். எட்டு முழம். நாலு முனையையும் கையிலயும் கால்லயும் பிடிச்சேன். காத்து உள்ள பூந்துச்சு பாரும், கீழ வந்துக்கிட்டு இருந்தவன் மேல போறேன்! விமானம் எனக்குக் கீழ பறக்கு. இன்னும் மேல போனா நம்ம தென்காசி கோபுரம் தெரியுது. கோபுரத்துக்கு இந்தப் பக்கம் உம்ம தெரு. பக்கத்து வீட்டு முருங்கையில நீரு தொரட்டி போட்டு இழுத்துக்கிட்டு நிக்கீரு.”

“அது எப்போ?” என்று பதறிவிட்டார் ஆவுடையப்பன்.

“செவ்வாக்கிழம காலையில. ஏழு காய்.”

போஸ்ட்மாஸ்டர் மறுபடியும் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அண்ணாச்சியின் மனைவி உலகம்மா மதினி வந்து நின்றாள். “ஏங்க, கடைச் சாவியைக் கொண்டாங்க. மோட்டார் வாங்க ஆளு வந்து நிக்கு.”

இசக்கி விடுவானா? “மதினி, அண்ணாச்சி விமானத்துல இருந்து குதிச்சது நெசமா?”

“இவுகளா?” மதினி கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். “நூத்திப் பத்து கிலோ, ஏத்த முடியாதுன்னு எடை மெஷின்லயே எறக்கி விட்டுட்டான். குதிச்சது நானும் மகளும். அந்தப் பாஸ்கல் என்கூடத்தான் வந்தான். நல்ல பையன். இவுக கடக்கரையில என் செருப்பு ரெண்டையும் நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு, ‘உலகு, உலகு’ன்னு அழுதுக்கிட்டு நின்னாக. நான் எறங்குன பெறகும் நிறுத்தல. செய்யது அண்ணன்தான் தண்ணி குடுத்துத் தேத்துனாக.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பேப்பருக்குப் பின்னால் ஆவுடையப்பனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அண்ணாச்சி கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

“அழுதேன்தான்,” என்றார் கடைசியில். “இல்லேன்னு சொல்லமாட்டேன். கட்டுனவ பத்தாயிரம் அடியில இருந்து விழுந்தா எவனுக்கும் அழுகை வரும்.”

நாங்கள் தலையை ஆட்டினோம். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“அதுக்கு மொத நா வரைக்கும் அந்தக் கடல் உப்பே இல்லாத நல்ல தண்ணிவே. மொரீஷியஸ்காரன் அதுலதான் டீ போட்டுக்கிட்டு இருந்தான்.”