மறுப்பு

"மூணு தடவை போனேன், மேடம். மூணு தடவையும் கதவைச் சாத்திட்டாங்க. நான் வேற என்ன செஞ்சிருக்கணும்?"

பரிபூரணம் இதைக் கேட்டபோது அறையில் அவர்கள் இருவர்தான். அவளை யாரும் குற்றம் சொல்லியிருக்கவில்லை.

உப்பளங்களை ஒட்டிய ஏழு குடியிருப்புகளுக்கு அவள் கிராமச் செவிலியர். இருபத்தாறு வருடமாக அங்கே பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போடுகிறவள். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

எதிரே இருந்த ஷகிலா பானு அவளைவிடப் பதினாறு வயது இளையவள். ஆனால் மேற்பார்வைச் செவிலியர். அந்தப் பக்கத்துச் செவிலியர்கள் மனம் ஒடிந்தால் இவளிடம்தான் வருவார்கள். பெரும்பாலும் ஆறுதல் கிடைக்காமல்தான் திரும்புவார்கள். இருந்தும் வருவார்கள்.

நடந்தது இதுதான்.

அந்த ஏழு குடியிருப்புகளில் ஒன்றான கருவேலந்திட்டில் முத்துக்கனி என்ற ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கழுத்து வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே, அம்மாவின் மடியில் மூச்சு நின்றுபோனது.

அந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. முத்துக்கனிக்கு அதில் முதல் ஊசி மட்டும்தான் போட்டிருந்தது.

மறுநாள் டாக்டர்கள் வந்து, நோய் பரவாமலிருக்க அங்கிருந்த பதினேழு வீட்டுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஊசி என்றதும் ஒன்பது வீடுகள் கதவை அடைத்துக்கொண்டன. ஊசி போட்டதால்தான் அந்தப் பிள்ளைக்கு உடம்பு கெட்டது என்று பேச்சு பரவியிருந்தது. அடைத்த வீடுகளில் முத்துக்கனியின் வீடும் ஒன்று. உள்ளே தொட்டிலில் அவளுடைய தம்பி கிடந்தான். நாலு மாதம்.

பரிபூரணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வேறு ஊருக்கு மாற்றல் வாங்கித் தரும்படி கேட்டாள்.

ஷகிலா பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள்.

முத்துக்கனி என்ற பெயருக்கு நேரே முதல் கட்டத்தில் ஒரு தேதி. அடுத்த கட்டங்களில் ஒரே வார்த்தை. மறுப்பு.

"இதைச் சொன்னது யாரு?"

"அந்தப் பிள்ளையோட அப்பா. பேச்சிமுத்து."

ஷகிலா பக்கங்களைத் திருப்பினாள். தம்பியின் பெயர் வந்தது. அதற்கு நேரேயும் அதே வார்த்தை, அதே கையெழுத்து.

"இதைச் சொன்னது யாரு?"

பரிபூரணம் அந்த வார்த்தையையே பார்த்தாள். எழுதியது அவள்தான்.

தம்பி பிறந்த பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.

ஷகிலா பதிவேட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்கக்கா, போவோம்."

பரிபூரணம் தடுப்பூசிப் பெட்டியை எடுக்கக் குனிந்தாள். வேண்டாம் என்று ஷகிலா தலையசைத்தாள்.

"பெட்டி இல்லாம என்னத்துக்கு மேடம் போறது?"

ஷகிலா அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

கருவேலந்திட்டுக்கு உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஒரு மண் பாதை. ஒரு மரமும் கிடையாது. வெள்ளையாகக் கூசுகிற வெளியில் இருவரும் நடந்தார்கள். என்ன சொல்லவேண்டும் என்று பரிபூரணம் ஒரு தடவை கேட்டாள். ஒன்றும் சொல்லவேண்டாம் என்றாள் ஷகிலா.

பேச்சிமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தான். உப்புத் தண்ணீரில் வெடித்த கால்கள். சாவு நடந்த நாளிலிருந்து அவன் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வெள்ளைச் சேலைகளையும் பார்த்தான். கையில் பெட்டி இல்லாததையும் பார்த்தான்.

"எம்பிள்ளைய மண்ணுல வச்சாச்சு. இனி என்னத்த எழுத வந்திருக்கிய?"

ஷகிலா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பரிபூரணமும் உட்கார்ந்தாள். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

வெயில் சரிகிறவரை இருந்தார்கள். யாரும் தண்ணீர்கூடத் தரவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்து திறந்து மூடின.

மறுநாளும் அப்படியே. தொட்டிலில் பிள்ளை அழுதது. அழுகிற சத்தத்திலேயே அவனுக்குப் பசி என்று பரிபூரணத்துக்குத் தெரிந்தது. அம்மாவிடம் பால் வற்றிக்கொண்டு வருகிறது என்றும் தெரிந்தது. அவள் எழப் பார்த்தாள். ஷகிலா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

திரும்பி வரும்போது பரிபூரணம் கோபப்பட்டாள். இப்படிச் சும்மா உட்கார்ந்திருந்து என்ன ஆகப்போகிறது, நாள்தான் வீணாகிறது, அந்தத் தம்பிக்கும் ஏதாவது வந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். ஷகிலா மறுக்கவில்லை. அந்தப் பயம் தனக்கும் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் உச்சிமாகாளி வெளியே வந்தாள். முத்துக்கனியின் அம்மா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இடுப்பில் பிள்ளை. அவள் ஷகிலாவைப் பார்க்கவில்லை. பரிபூரணத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"இவன் பொறந்த பொறவு ஏன் வரல?"

பரிபூரணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"வருவியன்னு இருந்தேன். அவுக அளத்துக்குப் போன நேரத்துல வந்திருந்தா போட்டிருப்பேன். ரெண்டு மாசமா வாசலப் பாத்தேன்."

பரிபூரணத்துக்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. ஏழு குடியிருப்புக்கும் ஒரே ஆள். வெயில். முழங்கால் வலி. முன்பு அந்த வாசலில் வாங்கிய திட்டு. எல்லாமே உண்மைதான். ஷகிலாவின் முகத்தைப் பார்த்தாள். ஷகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவம்தாம்மா," என்றாள் பரிபூரணம். "உங்க வீட்டுக்காரர் மேல கோவம். போகக்கூடாதுன்னு நினைச்சுட்டேன். போகாமலே வேண்டாம்னு சொன்னதா எழுதிட்டேன்."

உள்ளேயிருந்து பேச்சிமுத்து வந்து நிலைப்படியில் நின்றான். அவன் கையை ஓங்குவான் என்று பரிபூரணம் நினைத்தாள். ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தாள்.

அவன் கேட்டது வேறு. முத்துக்கனிக்கு முதல் ஊசி போட்ட அன்று ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது, தொடை கல்லாக வீங்கியது, அழுது அழுது குரல் போனது. இப்படியெல்லாம் வரும் என்று ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? பிள்ளை செத்துவிடும் என்றுதான் அன்றைக்கே நினைத்தானாம். அந்தப் பயத்தில்தான் அப்புறம் கதவைச் சாத்தினானாம்.

பரிபூரணம் யோசித்தாள். அன்று ஒரே நாளில் நாற்பது குழந்தைகள். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"சொல்லியிருக்கணும். நான் சொல்லல."

பேச்சிமுத்துவின் முகம் கோணியது. அதுவரை அழாதவன், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதான். உச்சிமாகாளி அவனைத் தேற்றவில்லை. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து அவன், மகனைக் காட்டி, "இவனுக்கும் வருமா?" என்றான்.

"காய்ச்சல் வரும். ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். மருந்து தருவேன். குறையிற வரைக்கும் நான் இங்கேயே இருப்பேன்."

"சத்தியமா?"

"இருப்பேன்."

மறுநாள் காலையில் பெட்டியோடு வந்தார்கள். பரிபூரணம் அதுவரை ஆயிரக்கணக்கான தொடைகளில் ஊசி போட்டிருந்தாள். இந்தத் தடவை, காய்ச்சலும் வீக்கமும் வரும் என்று மறுபடி சொல்லிவிட்டுப் போட்டாள். பிள்ளை வீறிட்டான். உச்சிமாகாளி மகனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சொன்னபடியே காய்ச்சல் வந்தது. பரிபூரணம் அந்த வீட்டிலேயே இருந்தாள். மருந்தை அளந்து கொடுத்தாள். பால் கொடுக்கச் சொன்னாள். தொடையில் ஈரத் துணி வைத்தாள். மூலையில் ஒரு சின்னப் பாவாடை மடித்தபடி இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அவளும் அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தாள்.

இரண்டாம் நாள் விடிந்தபோது பிள்ளைக்கு உடம்பு ஆறிவிட்டது. பேச்சிமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனான். அன்று பகலுக்குள் அடைத்துக்கொண்ட வீடுகளில் இன்னும் மூன்று திறந்தன. ஐந்து திறக்கவில்லை.

ஷகிலா அவளை அழைத்துப்போக வந்திருந்தாள். பாதி வழியில், பாத்திகளுக்கு நடுவே, பரிபூரணம் நின்றுவிட்டாள். மாற்றல் வேண்டாம் என்றாள். அந்த ஐந்து வீட்டுக்கும் நாளைக்கே போவதாகச் சொன்னாள். ஆனால் ஒன்று கேட்டாகவேண்டும் என்றாள்.

"கேளுங்க."

"உச்சிமாகாளி என்னை மன்னிச்சிருப்பாளா மேடம்?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. திரும்பிப் போய்க் கேட்டுட்டு வந்துடட்டுமா?"

"வேண்டாம்க்கா," என்றாள் ஷகிலா. "கேட்டா, அவ பதில் சொல்லியாகணும்."