திரும்பத் திரும்ப வந்த வரி

கதைகளில் தாடி குருவுக்குத்தான் இருக்கும். இந்தக் கதையில் தாடி சீடருக்கு. பெயர் இன்னாசி, வயது ஐம்பத்தெட்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு மூட்டைகளை எண்ணி எழுதி ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் ஜெஸிமா, வயது முப்பத்து மூன்று. செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றின் மாடியில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு மின்விசிறியும் உள்ள அறைதான் அவளுடைய ஆசிரமம். மூடப்போகிற இணையதளங்களை மூடுவதற்குள் இறக்கி வைப்பதும், அச்சகங்கள் அனுப்புகிற அழுக்கு ஃபைல்களைச் சுத்தம் செய்து கொடுப்பதும் அவள் பிழைப்பு.

இன்னாசி அவளிடம் வந்தது 'கைத்தாங்கல்' என்ற தளத்துக்காக. வலிப்பு வருகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் பதினைந்து வருஷமாக எழுதி வந்த இடம் அது. இன்னாசியின் மகள் ரெஜினாவுக்கு நாலு வயதில் வலிப்பு வந்தது. இப்போது பத்தொன்பது. இத்தனை வருஷமும் தானும் மனைவியும் புத்தி கலங்காமல் இருந்ததற்கு அந்தத் தளம்தான் காரணம் என்று அவர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார்.

தளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி கடையை மூடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லாம் போய்விடும். தளத்தை நடத்திய அம்மையாரிடம் வேறு பிரதி இல்லை. நான் எடுத்து வைக்கிறேன் என்று இன்னாசி அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட, அவர் அதைத் தளத்தின் முகப்பிலேயே எழுதிவிட்டார்: 'தூத்துக்குடி அன்பர் இன்னாசி எல்லாவற்றையும் எடுத்து வைத்து நம் எல்லோருக்கும் அனுப்புவார். யாரும் கவலைப்பட வேண்டாம்.'

யாரும் கவலைப்படவில்லை. எல்லோருடைய கவலையும் மொத்தமாக இன்னாசி தலையில் வந்து இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை முதல் பாடம்.

"தளத்துல இருந்து ஒரு பக்கம் வாங்கினா அஞ்சு செகண்டு சும்மா இருக்கணும் அண்ணாச்சி. அப்புறம்தான் அடுத்த பக்கம்."

"நாள் இல்லையே டீச்சர். ஒரே மூச்சுல இழுத்துட்டா என்ன?"

ஜெஸிமா அவரைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா? எந்த பஸ்சுல வந்தீங்க? மக எப்படி இருக்கா? வெளிய வெயிலா? கண்ணாடி புதுசா? சாவி எங்க வச்சீங்க?"

இன்னாசி வாயைத் திறந்தார், மூடினார்.

"ஒரே மூச்சுல கேட்டா, அங்க தளத்த வச்சிருக்குற சர்வரும் இப்படித்தான் வாய மூடிக்கிடும்" என்றாள்.

புதன்கிழமை மாலைக்குள் நாலாயிரத்து எண்ணூறு பக்கமும் வந்து சேர்ந்தன. ஜெஸிமா அவற்றை ஒரு ஃபோல்டரில் போட்டு அதற்கு 'தொடாதே' என்று பெயர் வைத்தாள்.

"கழுவுறது எல்லாம் நகல்லதான். இதுல கை வைக்கக் கூடாது."

நகலைத் திறந்தால் ஒரே இரைச்சல். ஒவ்வொரு பக்கத்திலும் அதே தலைப்பு, அதே விளம்பரம், 'உள்ளே வர', 'கடவுச்சொல் மறந்துவிட்டதா'. நடுவில் எங்கோ மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எது குப்பை, எது குப்பை இல்லன்னு எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

"நூறு பக்கம் கண்ணால படிங்க. அப்புறம் பேசுவோம்."

வியாழக்கிழமை அவளுக்குக் காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணம். சாவியை இன்னாசியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்னாசி ஆறு பக்கம் படித்தார். அதற்குமேல் முடியவில்லை. படிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் வெள்ளிக்கிழமை பக்கத்தில் வந்து நின்றது. துறைமுகத்தில் அவர் கற்ற வித்தை ஒன்றுதான். ஒரே மூட்டையை இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாது. எண்ணினால் வேலை போய்விடும். திரும்ப வருகிற வரிகளை நீக்கும் கமாண்டு ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். நாலாயிரத்து எண்ணூறு பக்கத்தையும் ஒரே ஃபைலாகக் கோத்து, அதை ஓடவிட்டார். மூன்றே முக்கால் லட்சம் வரி தொண்ணூறாயிரமாக இறங்கியது. விளம்பரம் போயிற்று, தலைப்பு போயிற்று, கடவுச்சொல்லை மறந்தவர்களும் போனார்கள்.

அவருக்கு நெஞ்சு லேசானது. அந்த லேசில்தான் இன்னொரு காரியமும் செய்தார். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று சிவப்பாக ஒரு பட்டை மிரட்டிக்கொண்டே இருந்தது. சுத்தமானது கையில் இருக்கும்போது அழுக்கு எதற்கு என்று 'தொடாதே'யைத் தொட்டார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். துறைமுகத்துக்காரருக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜெஸிமா வந்தாள். கையில் மருதாணி.

"சுத்தம் பண்ணிட்டேன் டீச்சர். தொண்ணூறாயிரம் வரிதான்."

அவள் எண்ணைப் பார்த்தாள். ஃபைலில் ஏதோ ஓர் இடத்தைத் திறந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வாசிங்க."

இன்னாசி வாசித்தார். "'மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது. பிள்ளை சிரிக்கவே மாட்டேன் என்கிறான். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான். நான்தான் தப்பு செய்துவிட்டேனோ என்று இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி இருந்ததா?'"

"அடுத்த வரி?"

"'உங்கள் எல்லோருக்கும் கோடி நன்றி. இன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.'"

"நடுவுல பேசினது யாரு அண்ணாச்சி?"

இன்னாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நடுவில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கைத்தாங்கலில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே மருந்தின் பெயரோ அளவோ யாரும் எழுதக் கூடாது. அது டாக்டர் வேலை என்று அம்மையார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் பயந்துபோய்க் கேட்கிறவர்களுக்கு என்னதான் சொல்வது? யாரோ ஒருவர் முதலில் எழுதினார், 'எங்கள் வீட்டிலும் அப்படித்தான்' என்று. அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கேள்வி விழுந்தால் அதன் கீழே முப்பது பேர், நாற்பது பேர், அதே வரியை எழுதிவிட்டுப் போவார்கள். தானே ஆயிரம் தடவை பார்த்த வரி. எண்ணுகிறபோது இன்னாசி படிப்பதில்லை, அதுதான் வினை.

தொண்ணூறாயிரம் வரியில் அந்த வரி இப்போது ஒரே ஒரு இடத்தில், முதல் வருஷத்துப் பக்கம் ஒன்றில் இருந்தது. எழுதியவர்களின் பெயர்களும் அப்படியே. ஒரு பெயருக்கு ஒரு முறை.

"தொடாதே ஃபோல்டர்ல இருக்கும்ல" என்று ஜெஸிமா மவுசை எடுத்தாள்.

இன்னாசி தரையைப் பார்த்தார்.

அவள் கால்மணி நேரம் தேடிப் பார்த்தாள். அழித்த இடத்தின் மேலேயே புது ஃபைல்கள் ஏறி உட்கார்ந்துவிட்டன. எதுவும் மீளவில்லை.

இன்னாசி பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மறுபடி டவுன்லோடைத் தொடங்கினார். அஞ்சு செகண்டு பாடமெல்லாம் காற்றில் போயிற்று. ஒரே நேரத்தில் இருபது பக்கம் கேட்டார். நூறு பக்கம் வந்தது. நூற்று இருபது வந்தது. பிறகு எல்லாப் பக்கத்திலும் ஒரே செய்தி: உங்கள் கோரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன, மூன்று மணி நேரம் கழித்து வரவும்.

மணி பதினொன்று.

"என் செல்போன் நெட்டு வழியா போலாம் டீச்சர். நாமதான்னு சர்வருக்குத் தெரியாது."

"வாசல்ல நிறுத்தி வச்சா பின்பக்கச் சுவர் ஏறிக் குதிப்பீங்களா?"

"பிள்ளைங்க விஷயம் டீச்சர்."

"கடைசி நாளு. உள்ள எத்தன பேரு சொல்லிட்டுப் போக வந்திருப்பாங்க. நீங்க இடிக்கிற இடில அவங்களுக்கும் பக்கம் திறக்காது."

இன்னாசி உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார், வந்தார். முகப்பில் தன் பெயர் இருப்பதையே நினைத்தார். அந்த இரண்டு வரி மட்டும் இல்லாதிருந்தால் வேறு யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். தன்னை நம்பித்தான் எல்லோரும் சும்மா இருந்தார்கள். அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"ரெண்டு மணிக்குத் திறக்கும். ஆறு மணிக்கு முடியும்" என்று அவரே கணக்குப் போட்டார். "நாலு மணி நேரம். அஞ்சு செகண்டுக்கு ஒண்ணுன்னா மூவாயிரத்தைத் தொடாது. எதை முதல்ல வாங்குறது டீச்சர்?"

ஜெஸிமா அவர் பாழாக்கிய ஃபைலை அவர் முன்னால் திறந்து வைத்தாள்.

"படிங்க. கேள்விக்குக் கீழ எங்க வெறுமையா கிடக்கோ, அந்தப் பக்கத்தோட நம்பரை எழுதுங்க. நம்பர் ஒவ்வொண்ணும் ஒரு தடவதான் வரும், அதனால அது தப்பிச்சிருக்கு. நான் அத முதல்ல வாங்குதேன். உங்க பட்டியல் தீந்துட்டா மிச்சத்த வரிசைப்படி கம்ப்யூட்டரே எடுத்துக்கிடும்."

இன்னாசி படிக்க ஆரம்பித்தார்.

முதலில் எண்களுக்காகத்தான் படித்தார். பத்து நிமிஷத்தில் அது முடியாமல் போயிற்று. கோவில்பட்டியில் ஒருவர் மகனைத் தனியாகக் குளிக்க விடலாமா என்று கேட்டிருந்தார். கீழே வெறுமை. மஸ்கட்டிலிருந்து ஒரு தகப்பன், மகளுக்கு வலிப்பு வந்ததை மனைவி தன்னிடம் இரண்டு மாதம் மறைத்துவிட்டாள், கோபப்படவும் முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கீழே வெறுமை. இந்தப் பதில்களையெல்லாம் தின்றது தான்தான் என்று நினைக்கும்போது இன்னாசிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நம்பர் எழுதினார். மூட்டை எண்ணிய கை, நம்பரில் பிழை விடவில்லை.

இரண்டு மணிக்குத் தளம் திறந்தது. ஜெஸிமா அஞ்சு செகண்டுக்கு ஒன்றாக வாங்கினாள். மின்விசிறி சுற்றியது. கீழே கடையில் யாரோ உடைந்த திரைக்காகச் சண்டை போட்டார்கள். மூன்று மணி. நாலு மணி. கொஞ்சம் வேகமாக்கலாமா என்று இன்னாசி நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அவள் அஞ்சு விரலைக் காட்டினாள்.

ஐந்தே முக்காலுக்கு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார். ஒரு பக்கம் வந்தது. அஞ்சு செகண்டு. இன்னொன்று. அஞ்சு செகண்டு. ஆறு மணி ஒரு நிமிஷத்துக்கு, அப்படியொரு முகவரியே இல்லை என்று வந்தது.

ஜெஸிமா வந்ததையெல்லாம் வெளியே ஒரு டிஸ்கில் ஒரு பிரதி, இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி என்று வைத்தாள். இன்னாசி எண்ணினார். எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. ஆயிரத்து எண்ணூறு பக்கம் வரவில்லை. அந்த ஆயிரத்து எண்ணூறிலும் கேள்விகள் பாழான ஃபைலில் பத்திரமாக இருந்தன. அவற்றின் கீழே இருந்தவர்கள்தான் இல்லை.



"டீச்சர்" என்றார் இன்னாசி கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாரும் எழுதினது ஒரே வரிதான. ஒரு கமாண்டு போட்டு, வெறுமையா கிடக்குற இடத்துல எல்லாம் அந்த வரிய நிரப்பிரலாமா? யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"போடலாம். ரெண்டு செகண்டு வேலை" என்றாள் ஜெஸிமா. "அது யாரு சொன்னதா இருக்கும்?"

இன்னாசி நம்பர் எழுதிய பட்டியலை மடித்தார்.

"இந்தப் பதினஞ்சு வருஷத்துல நீங்க அதுல எழுதியிருக்கீங்களா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். படிச்சதோட சரி. எழுதணும்னு தோணும். நம்ம எழுதி என்ன ஆகப்போவுது, அதான் இத்தன பேரு எழுதிட்டாங்களேன்னு விட்டுருவேன்."

அவள் புதிதாக ஒரு ஃபைலைத் திறந்தாள். மேலே அன்றைய தேதியைப் போட்டாள். அதன் கீழே இன்னாசி என்று எழுதினாள். பிறகு வராத ஆயிரத்து எண்ணூறில் முதல் கேள்வியை எடுத்து, மெதுவாக, அவருக்குக் கேட்கும்படி வாசித்தாள்.

"'பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்துவிட்டாள். பாவாடை நனைந்துவிட்டது. இனிமேல் போகவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாளாகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆயிற்றா?'"

கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கேக்குதாங்கல்ல அண்ணாச்சி. உங்க வீட்டுல எப்படி?"