பூஜ்யம் வாங்கிய மூக்கு

குழந்தைகளே, மூங்கில் மண்டிய ஒரு காட்டில் தீக்காவல் பள்ளி ஒன்று இருந்தது. கோடையில் எங்கே புகை கிளம்பினாலும் முதலில் அறிந்து குரல் கொடுக்கும் காவலர்கள் அங்கேதான் படித்தார்கள். பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. கிளைக்குக் கிளை தாவிக் காட்ட வேண்டும்.

ஆகவே ஆண்டுதோறும் குரங்குகள் பத்துக்குப் பத்து வாங்கின. காட்டுப்பன்றிகள் பூஜ்யம் வாங்கின.

கொம்மட்டி என்ற இளம் பன்றியும் பூஜ்யம் வாங்கியவள்தான். காட்டுத்தீயில் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவள் அவள். மிச்சமிருக்கும் தம்பிகளுக்காகவாவது காவலராக வேண்டும் என்பதே அவள் ஆசை.

"புகையை மோப்பம் பிடிக்கத் தாவல் எதற்கு?" என்று ஒருநாள் புலிராஜாவுக்கே சந்தேகம் வந்தது. தேர்வை மாற்றச் சொன்னார்.

தேர்வதிகாரி மயிலார் புதிய தேர்வு அமைத்தார். பத்துப் பொந்துகளில் பத்து வாசனைகள். மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

குரங்குகள் குதித்தன. "அப்படியானால் நாங்கள் வாங்கிய பத்து செல்லாக்காசா?"

"பதறாதீர்கள்! பழைய பத்தும் புதிய பத்தும் ஒரே எடையாக இருக்கும். அது என் பொறுப்பு" என்று தோகையை விரித்தார் மயிலார்.

சொன்னபடியே, போன ஆண்டு எழுதியவர்களையே புதிய தேர்வுக்கும் அழைத்தார். குரங்குகள் தும்மித் தும்மி இரண்டு வாசனைகளைக் கண்டன. பன்றிகள் பத்தையும் கண்டன. கொம்மட்டிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மயிலார் முடிவை அறிவித்தார். "இரண்டு கண்டவர்களுக்குப் பத்து மதிப்பெண். பத்து கண்டவர்களுக்குப் பூஜ்யம்."

"ஐயா, கணக்கு தலைகீழாக இருக்கிறதே!" என்றாள் கொம்மட்டி.

"உனக்கு எங்கே புரியப் போகிறது, பெண்ணே! போன ஆண்டு பத்து வாங்கியவர் இன்று கண்டது இரண்டு. ஆக, இரண்டு என்றால் பத்து. போன ஆண்டு பூஜ்யம் வாங்கிய நீ கண்டது பத்து. ஆக, பத்து என்றால் பூஜ்யம். எவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போகிறது பார்!"

"அப்புறம் தேர்வை ஏன் மாற்றினீர்கள்?"

"பழையது சரியில்லை என்று ராஜாவே சொன்னாரே!"

ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "அபாரம்!" என்றார். சபை கைதட்டியது.

கோடை வந்தது. ஒரு மதியம் கொம்மட்டியின் மூக்கு சுருங்கியது. புகை! ஒரு கணம் தயங்கினாள். பூஜ்யம் வாங்கிய மூக்காயிற்றே, தப்பாக இருக்குமோ? பிறகு காவல் மேட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, மேற்கே மூங்கில் எரிகிறது!"

காவல் குரங்கு கிளையில் சாய்ந்தபடி கேட்டது: "உன் மதிப்பெண் எவ்வளவு?"

"பூஜ்யம்."

"என்னுடையது பத்து. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. போய் வேலையைப் பார்!"

அவள் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, வழியில் கண்டவர்களையெல்லாம் கூவி அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். பன்றி சொல்லி நாம் ஓடுவதா என்று பலர் வரவில்லை.

மாலையில் புலிராஜா மீசை பொசுங்கி அக்கரைக்கு நீந்தி வந்தார். கொம்மட்டியைக் கண்டதும் உறுமினார். "உனக்கு முன்பே தெரியுமா? ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன் ராஜா. மதிப்பெண் கேட்டார்கள்."

நீதி: அளவுகோலை மாற்றிய பிறகும் பழைய விடையே வர வேண்டும் என்பவன் எதையும் அளப்பதில்லை.